கெட்டி மேளம் வராத முகூர்த்தம்

கண்ணு,

காயப்போட்ட மிளகுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோழி வந்தால் விரட்ட வேண்டியது இன்றைக்கு என் பொறுப்பு. உன் அம்மா வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு சோளக்காட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறாள். நீ பெங்களூரில் அறையைக் காலி செய்துகொண்டிருப்பாய். அடுத்த வாரம் இந்நேரம் கோவாவில் இருப்பாய். கடலோரத்து ஹோட்டல், கல்யாணத்துக்கென்றே அங்கே வருகிறவர்கள் நிறைய, ஒரு வருஷம் தங்கி வாசிக்க வேண்டும் என்று சொன்னாய். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் போவதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. போனில் பேசினால் எனக்கு எதுவும் விளங்காது. நேரில் பேசினால் நீ கத்த வேண்டும், கேட்டு நானும் கத்துவேன். கத்திச் சொல்லக்கூடிய விஷயமா இதெல்லாம்? “ஊருக்கே கேக்கறாப்ல பேசறதுக்கு எழுதியே குடுத்துருங்க” என்று உன் அம்மாதான் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தாள். படித்துவிட்டு நீ யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

என் காதைப் பற்றி நீ அடிக்கடி வருத்தப்படுகிறாய். அதை முதலில் விட்டுவிடு. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் ஏறியபோது எனக்கு மீசை கூட சரியாக முளைக்கவில்லை. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஆந்திரா என்று ஊர் ஊராகத் தண்ணீருக்குத் துளை போட்டோம். கம்ப்ரசர் ஓடும் இடத்திலிருந்து கையெட்டும் தூரத்தில்தான் எங்கள் வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம். அந்தச் சத்தம் என் காதிலிருந்து மெல்லிய ஒலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. குருவிச் சத்தம் போனது, குக்கர் விசில் போனது, உன் அம்மா வளையல் சத்தமும் போனது. ஆனால் பாறையை உடைத்துக்கொண்டு தண்ணீர் பீறிட்டு மேலே வரும்போது அந்த ஊர் ஜனங்கள் ஆடுவார்கள் பார், அதில் நானும் நனைந்துகொண்டு நின்றிருக்கிறேன். அந்த வேலையில்தான் நம் மலையில், வளப்பூர் நாட்டில் இந்த மிளகுத் தோட்டத்தைச் சரி பண்ணினேன், அதில்தான் நீ படித்தாய். எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீ அந்த யாழை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அதை ஹார்ப் என்கிறாய். யாழ் வேறு, ஹார்ப் வேறு என்று படமெல்லாம் காட்டி விளக்கினாய். இருக்கட்டும், எனக்கு அது யாழ்தான். மலையடிவாரத்தில், காரவள்ளியில் நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். நீ சேலத்துப் பக்கமிருந்து வந்து இறங்கினாய், முதுகில் கறுப்பு உறை போட்ட ஆள் உயர மூட்டையோடு. மலை பஸ் கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, கதவு நெலவு ஏதாச்சும் செய்யறீங்களா?” என்றார். நீ “இல்லீங்ண்ணா, இது வாத்தியமுங்க” என்றதும் அவர் நம்பவில்லை. பின் சீட்டில் அதை நடுவில் வைத்து நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டு எல்லா வளைவும் ஏறி வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அது என் மேல் சாயும், அடுத்த வளைவில் உன் மேல் சாயும். வாந்தி எடுக்கிற குழந்தையைக் கூட்டிவருவது போல இருந்தது. வீட்டில் உறையைக் கழற்றியதும் உன் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஊட்டுக்குள்ள இன்னொரு ஆள் வந்து நிக்கறாப்ல இருக்குது” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ வாசித்தாய். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சட்டென்று நிறுத்திவிட்டாய். “ஏனுங்கப்பா, நெசமாலும் கேக்குதுங்களா?” என்றாய். நான் தலையாட்டுவதை நிறுத்தினேன். நீ எழுந்து என் நாற்காலியை யாழுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாய். அடியில் இருக்கும் தடித்த கம்பித் தந்தியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டே மேலே போனாய். கேட்கும்வரை விரலைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னாய். நாமக்கல்லில் காது டாக்டரும் இப்படித்தான் செய்தார், ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் செய்தார். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு மீட்டினாய். பாதிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு நீலத் தந்தியில், என் விரல் இறங்கிவிட்டது. அதற்கு மேலே உன் கை அசைவதுதான் தெரிந்தது, ஒலி வரவில்லை. திரும்பவும் உட்கார்ந்து அதே பாட்டை முழுக்க முழுக்கக் கீழ்த் தந்திகளில் வாசித்தாய். இந்த முறை எனக்குக் கேட்டது. மரத்துக்குள்ளே யாரோ நிதானமாகப் பேசுகிற மாதிரி இருந்தது. உன் அம்மா என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பிறகு நீ கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக எடுத்துக்கொண்டதும், சொந்தக்காரர்கள் நம் வீட்டுக்கு நடையாக நடந்ததும் உனக்குத் தெரியும். நான் எதற்கு உன்னைத் தடுக்கவில்லை தெரியுமா? சேலத்திலும் கோயமுத்தூரிலும் நீ வாசித்த கல்யாணங்களுக்கு நம் குட்டியானை வண்டியில் யாழை ஏற்றிக்கொண்டு நான்தானே வந்தேன். ஜனங்கள் உன்னைப் பார்ப்பதை விட நீ ஜனங்களைப் பார்ப்பதைத்தான் நான் கவனித்தேன். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவை தடுக்கி மெதுவாக நடந்து வந்தால் நீ பாட்டை நீட்டுவாய். போட்டோக்காரர் பொண்ணை நிறுத்தி வைத்துக்கொண்டால் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் காத்திருப்பாய். யாரும் கை தட்டாவிட்டாலும் உன் முகம் வாடாது. ஒரு தடவை ஒருவர் ஐஸ்கிரீம் கிண்ணத்தை யாழின் அடிக்கட்டை மேல் வைத்துவிட்டுப் போனார். நீ ஒரு கையால் வாசித்துக்கொண்டே இன்னொரு கையால் அதை எடுத்துக் கீழே வைத்தாய். கோவாவிலும் அப்படியே இரு கண்ணு. கல்யாணத்தில் எல்லாரும் யாரோ ஒருத்தரை நினைத்து ஒரு படபடப்போடு இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நல்லதாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் போதும். அது என்ன என்று அவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆனால் ஒரே ஒரு கல்யாணத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பற்றி நாம் இருவரும் இதுவரை சரியாகப் பேசிக்கொண்டதே இல்லை. அதைச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

உன்னோடு படித்த ரம்யாவின் கல்யாணம். போன ஐப்பசியில், நம் ஊரில், அவர்கள் வீட்டு வாசலில் பந்தல். மாப்பிள்ளை பிரகாஷ் காரவள்ளிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பையன். மலைக்கும் கீழ்நாட்டுக்கும் சம்பந்தம் ஆவது லேசான காரியமா? இரண்டு வீட்டிலும் பேச்சு வார்த்தையே இல்லாமல் ஒரு வருஷம் போய், அதற்கப்புறம்தான் சம்மதம் வந்தது. ரம்யாவின் அப்பா சின்னுசாமிக்கு அந்தப் பயம் கடைசிவரை போகவில்லை. சீர், சாப்பாடு நம்முடையது, மேளம் மாப்பிள்ளை வீட்டுடையது என்று பேசி முடித்திருந்தார்கள். நீ விருந்தாளியாக வந்தாய். “வரவேற்புக்குக் கொஞ்ச நேரம் வாசி புள்ள” என்று ரம்யா கேட்டுக்கொண்டதால் யாழையும் கொண்டுவந்தாய்.

விடியும்போது மழை பிடித்தது. கரண்ட் போனது. மாப்பிள்ளை வீட்டு பஸ் வர வேண்டிய நேரம் தாண்டியது. போன் போட்டால் டவர் இல்லை. முதல் முகூர்த்தம் போய்விட்டது. அடுத்தது பதினோரு மணிக்குள். பந்தலில் ஆட்கள் இரண்டிரண்டு பேராகத் தள்ளிப்போய் நின்று பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பேச்சு கேட்காது, முகம் தெரியும். யாரும் ரம்யாவின் அறைப் பக்கம் பார்க்கவில்லை. சின்னுசாமி என்னிடம் வந்து காதோரமாகக் கத்தினான்: “மாப்ள, அவங்க மனசு மாறிட்டாங்க. வர மாட்டாங்க. எனக்குத் தெரியும்.” அவன் கத்தியது எனக்குக் கேட்டது என்றால் பந்தலில் எல்லாருக்கும் கேட்டிருக்கும், அறைக்குள்ளும் கேட்டிருக்கும். அவன் மகன் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிப் பார்க்கக் கிளம்பினான்.

அப்போதுதான் நீ யாழுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாய். ஈரக்காற்றில் சுதி கலைந்து போயிருந்தது. ஒவ்வொரு தந்தியாகத் திருகிச் சரி செய்தாய். வழக்கமாக வரவேற்புகளில் வாசிப்பதை எடுத்தாய். யாரும் கண்டுகொள்ளவில்லை. சமையல் பக்கமிருந்து பாப்பாத்தி அத்தை கரண்டியோடு வந்து, “சாமி, நம்ம பாட்டு ஏதாச்சும் இதுல வருமா?” என்று கேட்டாளாம். “நீங்க பாடுங்கத்தை, வருதான்னு பாக்கலாம்” என்றாயாம். அன்றைக்கு யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் பிற்பாடு உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை சாமை வயலில் களை எடுக்கும்போது பாடுகிற மெட்டை முனகினாள். நீ தட்டுத் தடுமாறி ஒரு விரலால் பிடித்தாய், பிறகு இரண்டு கையாலும் பிடித்தாய். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைக்காமலே பாட ஆரம்பித்தார்கள். உன் அம்மாவும் பாடினாள். எனக்கு வாயசைவுதான் தெரிந்தது. ஆனால் தள்ளி நின்றவர்கள் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். ரம்யா கதவருகில் வந்து நின்றாள். நீ நிறுத்தவே இல்லை. உன் விரல் நுனி சிவந்து வீங்கியதை மறுநாள் சோறு பிசையும்போதுதான் கவனித்தேன்.

ஒருவழியாக ஜீப் வந்தது. பிரகாஷ், அவன் அப்பா அம்மா, தங்கச்சி, இன்னும் இரண்டு மூன்று பேர். வேட்டியெல்லாம் சேறு. வளைவு ஒன்றில் பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்திருந்தது, கரண்ட் கம்பியையும் இழுத்துக்கொண்டு. கம்பியில் கரண்ட் இல்லை என்று லைன்மேன் வந்து சொன்ன பிறகு பஸ்ஸை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, மரத்தில் ஏறி இறங்கி, இந்தப் பக்கம் நம் ஜீப்பில் ஏறி வந்திருக்கிறார்கள். பிரகாஷின் அம்மா நேராகச் சின்னுசாமியிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “பயந்துட்டீங்களாண்ணா? நாங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க” என்றது. சின்னுசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

மணவறையில் உட்கார வைத்தாயிற்று. நேரம் நெருங்கிவிட்டது. அப்போதுதான் ஒருத்தர் கேட்டார், மேளம் எங்கே என்று. நாதஸ்வரம், தவில் எல்லாம் பஸ்ஸோடு மரத்துக்கு அந்தப் பக்கம். ஜீப்பில் இடம் போதாமல், “நீங்க முன்னால போங்க, நாங்க வந்துக்கறோம்” என்று தவில்காரரே இறங்கிக்கொண்டாராம். நம் மலையில் இருக்கிற மேளக்காரர்களும் முகூர்த்த நாள் என்று ஆளுக்கொரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். கெட்டி மேளம் இல்லாமல் எப்படித் தாலி கட்டுவது? ஒருவர் தாம்பாளத் தட்டை அடிக்கலாம் என்றார். சாவுக்கு அடிப்பது போல இருக்கும் என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். ஒரு பையன் போனில் மேளம் போட்டுக் காட்டினான். கொசு ரீங்காரம் போல இருந்திருக்கிறது. “அது வேண்டாங்க” என்று பிரகாஷின் அம்மா சொல்லிவிட்டது. மேளம் வரும்வரை பொறுத்தால் முகூர்த்தம் தப்பிவிடும். பழையபடி முகங்கள் மாற ஆரம்பித்தன.

நீ எழுந்து மணவறைக்கு வந்தாய். பிரகாஷின் அப்பாவிடம், “கெட்டி மேளம் எதுக்குங்க மாமா அடிக்கறாங்க?” என்று கேட்டாய். அவர் கோபத்தில் இருந்தார், ஆனாலும் சொன்னார். “தாலி ஏறுற நேரத்துல யாராச்சும் தும்முவாங்க, எவனாச்சும் ஆகாத வார்த்தை பேசுவான். அது பொண்ணு மாப்ள காதுல விழக்கூடாது கண்ணு. அதுக்குத்தான்.”

“அப்ப யாருமே பேசாம இருந்துட்டா சரிதானுங்களே?”

பிரகாஷின் அம்மாதான் முதலில் சிரித்தது. “புள்ள சொல்றதும் சரிதானே” என்றது. சின்னுசாமி நாற்காலி மேல் ஏறி நின்று கையைத் தூக்கினான். “ஏனுங்க, எல்லாரும் கேளுங்க. தாலி கட்டி முடியற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக்கூடாது. தும்மல் வந்தா துண்ட வெச்சுப் பொத்திக்கோங்க. நம்ம புள்ளைக்காக இத மட்டும் செய்யுங்க.”

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். நாமக்கல் டாக்டர் கொடுத்த காது மெஷினில் எப்போதும் ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும், அதுவும் கல்யாண வீட்டில் காட்டு ஓடை மாதிரி இரையும். அது சட்டென்று நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மெஷினைத் தட்டிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் உதட்டில் விரல் வைத்து என்னை முறைத்தார். சுற்றிப் பார்த்தேன். பந்தல் முழுக்க ஜனம், ஒரு வாய் அசையவில்லை. குழந்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். பாப்பாத்தி அத்தை முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை கையில் தாலி. அந்த நேரத்தில் நீ வாசிக்க ஆரம்பித்தாய். மேல் தந்தியைத் தொட்டிருந்தாலே அந்த அமைதியில் பந்தலின் கடைசி ஆள் வரை கேட்டிருக்கும். நீ தொடவில்லை. கையைக் கீழே கொண்டுபோய் அந்தத் தடித்த தந்திகளில் வாசித்தாய். எதற்கு அப்படி வாசித்தாய் என்று அங்கே யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். முடிச்சு விழுகிறவரை ஒரு ஒலி விடாமல் நான் கேட்டேன் கண்ணு. இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் நானும் மற்றவர்களும் ஒரே அளவு கேட்டது எனக்கு எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அன்றுதான். பிறகு அரிசி பறந்தது, எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், எனக்குத் திரும்பவும் இரைச்சல்தான். போதும், எனக்கு அதுவே நிறைந்துபோயிற்று.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. சாப்பாட்டுப் பந்தி ஓடும்போது, ரோட்டில் கிடந்த மரத்தை அகற்றியதும் பஸ் வந்து சேர்ந்தது. தவில்காரர் தவிலை இறக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஆளாளுக்கு உன்னைப் புகழ்ந்து அவரிடம் சொன்னார்கள். அந்த மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. தன் இடத்தை மாப்பிள்ளை வீட்டாருக்கு விட்டுக்கொடுத்தவர் அவர். நீ போய், “அண்ணா, எனக்கு விரல் வலி தாங்கலீங்க. நான் சாப்பிடப் போறேன். கோயிலுக்குப் பொண்ணு மாப்ளய நீங்கதான் கூட்டிட்டுப் போகோணும்” என்றாய். அவர் யாழைப் பார்த்து, “தொட்டுப் பாக்கலாங்களா?” என்றார். நீ அவர் விரலைப் பிடித்துத் தந்தி மேல் வைத்தாய். அப்புறம் அவர் அடித்த அடியில் மலையே அதிர்ந்தது. அது எனக்கு மெஷின் இல்லாமலேயே கேட்டது. நீ போகிற இடத்தில் எத்தனையோ வாத்தியக்காரர்கள் இருப்பார்கள். மற்றவருடைய முறை வரும்போது எழுந்து சாப்பிடப் போகத் தெரிந்தவளுக்கு எங்கேயும் பகை வராது.

இனி உன் கல்யாணம். “ஊர் கல்யாணத்துக்கெல்லாம் வாசிக்கற புள்ளைக்கு எப்பங்க கல்யாணம்?” என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. எனக்குக் காது கேட்காதது இந்த ஒரு விஷயத்தில் ரொம்ப வசதி. நீ பாட்டுக்கு இரு. யாரையாவது பிடித்திருந்தால் சொல், மலையோ கடலோ, நான் போய்ப் பேசுகிறேன். பிடிக்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டியதில்லை. கடல் காற்றில் யாழ் மரம் உப்பிக்கொள்ளும் என்று நீயே பயந்தாய், அதனால் ஜன்னல் ஓரம் வைக்காதே. சாப்பாட்டை ஹோட்டல் மிச்சத்தில் முடித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. நேற்று சோளக்காட்டில் ஒரு பொண்ணும் பையனும் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு வைகாசியில் கல்யாணமாம், நீ வாசிக்க வேண்டுமாம். பையன் கத்திக் கத்திச் சொன்னதில் சந்தையே திரும்பிப் பார்த்தது, அந்தப் பொண்ணு வெட்கத்தில் பலாக்காய்க் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. நீ கோவா போகிறாய், ஒரு வருஷம் வர முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “வந்துருவாங்க, நாளக் குறிச்சுட்டுச் சொல்லுங்க” என்று வந்துவிட்டது. உன்னைக் கேட்காமல் உனக்கு ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள், ஆனால் நீ வருவதற்குள் உன் அறையை எந்த நிறத்தில் பூசலாம் என்று நேற்றே கேட்டாள். ஹோட்டல்காரர்களிடம் இப்போதே லீவு சொல்லி வை.

அப்பா